பெயர் போட்டு அனுப்பிய செய்தி

1

போன வாரம் என் தங்கை மகன் படிக்கும் பள்ளிக்கு மறுபடியும் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பள்ளிக்கூடம், விமான நிலையம், கோர்ட் என்று யாருக்காவது வந்துகொண்டேதான் இருக்கிறது. மோப்ப நாய் வரும். மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். மதியத்துக்குள் புரளி என்று சொல்லிவிடுவார்கள். இம்முறையும் அப்படித்தான் முடிந்தது. தங்கை செல்வி எனக்கு ஒரே வரி அனுப்பியிருந்தாள்.

"மெயில் வந்துச்சு, ஒண்ணும் இல்ல, நிகில் வீட்டுக்கு வந்துட்டான், நீ எதுவும் பண்ண வேண்டாம்."

மெல்பர்னில் என் அலுவலகச் சமையலறையில், சாயங்காலம் கிளம்பும் முன் டிஃபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு நின்றபோது இதைப் படித்தேன். கடைசி நான்கு சொற்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் கோபத்தில் எழுதவில்லை. போன வருடம் இதே மாதிரி ஒரு நாளில் நான் ஒரு காரியம் பண்ணினேன். அதனால் எழுதினாள்.

பயங்கரவாத மிரட்டல் வந்தால் சாதாரண ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு யோசனை சொல்லத் தகுதி இல்லை. நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல முடியும்.

2

நான் இங்கே ஒரு நகராட்சியில் சாலைப் பிரிவில் வரைபடம் போடுகிறவன். வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்தியவர். அவர் அபிராமபுரத்தில் வாங்கிய ஃப்ளாட் இப்போது என் பெயரில் இருக்கிறது. செல்வியும் அவள் கணவரும் நிகிலும் அதில் குடியிருக்கிறார்கள்.

ஃப்ளாட் என் பெயரில் இருப்பதால் அந்தக் கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் நானும் உண்டு. லிஃப்ட் ரிப்பேர், தண்ணி லாரி, யாருடைய இடத்தில் யார் காரை நிறுத்தினார் என்கிற சண்டை. இவ்வளவுதான் அதில் வரும். எனக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் ரயிலில் போகும்போது ஒன்று விடாமல் படிப்பேன். லாரி வந்துவிட்டது என்று யாராவது போட்டால் எனக்கே தண்ணீர் வந்த மாதிரி ஒரு நிம்மதி. வெளியூர்க்காரனின் பைத்தியங்களில் இதுவும் ஒன்று.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளையும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளையும் அடையாறு பக்கம் இருக்கும் அந்தப் பள்ளிக்கு வேனில் அழைத்துப் போகிறவர் ரஃபீக் பாய். சைதாப்பேட்டைக்காரர். ஊருக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். குள்ளமான ஆள், உரத்த குரல். தாமதமாக இறங்கி வரும் பிள்ளையை அம்மா முன்னாலேயே திட்டுவார். வாசலில் நின்று ஹாரனை விடாமல் அடிப்பார். அதனாலேயே சிலருக்கு அவரைப் பிடிக்காது. செல்விக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

3

அன்றைக்கு எனக்கு மதியம், சென்னையில் காலை. செல்வி போன் பண்ணினாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, ஸ்கூலுக்கு பாம் மிரட்டலாம். நான் கேட்டுக்கு வெளிய நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கறாங்க. பசங்களையெல்லாம் கிரவுண்டுல உக்கார வெச்சிருக்காங்க. நிகிலைக் காணோம். வேன்ல வர்ற பசங்க யாரையுமே காணோம்."

"பாய்க்கு போன் பண்ணியா?"

"பண்ணிக்கிட்டேதான் இருக்கேன். எப்பப் பாத்தாலும் பிஸி. இப்ப ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறாரு."

அவள் கணவர் வேலையாக பெங்களூர் போயிருந்தார். அவள் அழ ஆரம்பித்தாள். பின்னால் நிறையப் பேர் கத்துவது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

இங்கே எல்லா ரயில் நிலையத்திலும் ஓர் அறிவிப்பு உண்டு. சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்று ஒரு பெண் குரல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். பத்து வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு, சொல்வது ஒன்றுதான் நல்ல குடிமகனின் வேலை என்று என் மண்டையில் ஏறியிருந்தது. அன்று நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்க முடிகிற தூரத்திலும் இல்லை. ஆனால் சொன்னேன். கட்டடத்துக் குழுவில் இப்படி எழுதினேன்:

"அவசரம். பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல். நம் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேனைக் காணவில்லை. டிரைவர் பெயர் ரஃபீக், சைதாப்பேட்டை. போனை எடுக்கவில்லை. உடனே போலீஸில் சொல்லவும். எல்லோருக்கும் அனுப்பவும்."

வேனின் எண்ணையும் போட்டேன். எப்போதோ செல்வி அனுப்பியது போனில் இருந்தது.

நடந்தது இதுதான். ரஃபீக் பாய் வேனை கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தபோது, உள்ளே மிரட்டல் வந்திருக்கிறது என்று வாட்ச்மேன் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு பிள்ளையைக்கூட இறக்கவில்லை. வண்டியை அப்படியே திருப்பி அபிராமபுரத்துக்கு வந்துவிட்டார். செல்வி ஆட்டோவில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவர் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்திருக்கிறார். எல்லாத் தாய்மாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதால் போன் பிஸி. ஓட்டுகிறபோது அவர் போன் எடுப்பதும் இல்லை. வீடு வீடாகப் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறார். எங்கள் வீடு பூட்டியிருந்ததால் நிகிலைக் கீழ் வீட்டு மாமியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

செல்வி திரும்பக் கூப்பிட்டு, "வந்துட்டான் அண்ணா, வீட்டுக்கு வந்துட்டான்" என்றபோது நான் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு குழுவில், "பிள்ளைகள் பத்திரம். ரஃபீக் பாய்க்கு நன்றி" என்று போட்டேன். வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. விஷயம் முடிந்தது என்று வேலைக்குப் போனேன்.

4

முடியவில்லை. நன்றி சொன்ன செய்தி எங்கள் கட்டடத்தோடு நின்றுவிட்டது. முதல் செய்தி நான் கேட்டுக்கொண்டபடியே எல்லோருக்கும் போனது.

நாலைந்து நாள் கழித்து, அடையாறில் செல்வியோடு வேலை பார்க்கும் பெண்ணிடமிருந்து அவளுக்கே அது திரும்பி வந்தது. நான் எழுதிய வரிகள் பாதி இருந்தன. யாரோ எடுத்த வேனின் படம் சேர்ந்திருந்தது. மேலே சிவப்பு எழுத்தில், 'பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல்: குழந்தைகளுடன் டிரைவர் தலைமறைவு' என்று இருந்தது. அதைப் பார்த்து யாரோ போலீஸுக்கும் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர் சைதாப்பேட்டையில் ரஃபீக் பாயின் வீட்டுக்குப் போய் நின்றபடியே இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் விசாரணை. ஆனால் போலீஸ் வந்ததைத் தெருவே பார்த்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை வேனில் அனுப்புவதை நிறுத்தினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. "நாங்களே கொண்டுபோய் விட்டுக்கறோம் பாய்" என்றார்கள். செல்வியும் அதையேதான் சொன்னாள். பள்ளி நிர்வாகமும் தன் பங்குக்கு, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால்தான் வேனை வளாகத்துக்குள் விடுவோம் என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம் கேட்ட பிறகு என் செய்தியை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பயத்தில் எழுதினேன், தங்கை அழுதாள், பிள்ளையைக் காணோம். எல்லாம் சரி. வேன் எண் போட்டது போதாதா? பெயர் எதற்கு? அந்த வேனை ஒரு முருகனோ சேகரோ ஓட்டியிருந்தால் 'டிரைவர் போனை எடுக்கவில்லை' என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெயரைப் போட்டால் ஜனங்கள் சீக்கிரம் நம்புவார்கள், சீக்கிரம் பயப்படுவார்கள் என்று என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் பள்ளியில் படித்த நாளில், ஒரு தீபாவளிச் சமயம், அப்பாவின் கடையில் யாரோ ஒரு பெரிய பையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஊரெல்லாம் குண்டுப் பேச்சாக இருந்த நேரம். அப்பா "யாரு பை இது?" என்று இரண்டு தடவை கத்தினார். பதில் இல்லை. எல்லோரையும் தெருவுக்கு அனுப்பினார், பக்கத்துக் கடையிலிருந்து போலீஸுக்கு போன் பண்ணினார், வாசலில் நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். போலீஸ் வந்து பிரித்தால் ஆறேழு புடவை, ஒரு டிஃபன் பாக்ஸ். பைக்கு உரிய அம்மாள் திரும்பி வந்ததும் அப்பா அவரைத் திட்டின திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அது யார் வைத்த பையாக இருக்கும், வைத்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று அவர் யாரிடமும் பேசவில்லை. பையைப் பற்றி மட்டும் பேசினார்.

5

இந்த நாட்களில்தான் என் மகள் யாழினி ஒரு நாள் பள்ளிவிட்டு வந்து, இன்று வகுப்பில் ஒளிந்துகொள்ளும் பயிற்சி நடந்தது என்றாள். யாராவது ஆபத்தான ஆள் பள்ளிக்குள் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் உட்கார வேண்டுமாம். அவளுக்கு அது விளையாட்டு. நிகில் பள்ளியிலும் இப்படித்தான், குண்டு இருக்கிறது என்று சொன்னார்கள் என்று நான் தமிழில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யாரு குண்டு? டீச்சரா?"

அவளுக்குத் தெரிந்த குண்டு அந்த ஒன்றுதான். நான் விளக்கிச் சொல்லலாமா என்று யோசித்தேன். தமிழில் அவளுக்கு மிச்சமிருக்கும் சில சொற்களில் ஒன்றையாவது சிரிப்போடு இருக்கவிடலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் வகுப்பில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு இங்கே அரசாங்கத்திடம் அனுமதி அட்டை வாங்க வேண்டும். பாஸ்போர்ட், பழைய முகவரிகள், போட்டோ எல்லாம் கொடுத்தேன். கொஞ்ச நாளில் தபாலில் அட்டை வந்தது. இந்த ஆளைப் பிள்ளைகளோடு நம்பி விடலாம் என்று அதற்கு அர்த்தம். என் படம் போட்டு, என் பெயர் போட்டு.

அதே வாரம் ரஃபீக் பாய் கடிதத்துக்காக மூன்றாவது முறையாக ஸ்டேஷனுக்கு அலைந்தார் என்று செல்வி சொன்னாள். அட்டையை நான் சட்டைப் பையில் வைக்கவே கூசினேன்.

6

அப்பாவின் வருஷ திதிக்குச் சென்னை போனேன். திதி முடிந்த மறுநாள், பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அங்கே வந்து நான்தான் அந்தச் செய்தியைப் போட்டேன் என்று சொல்லப் போகிறேன் என்றேன். செல்வி காய்கறி நறுக்குவதை நிறுத்தினாள்.

"நீ ரெண்டு வாரத்துல ஃப்ளைட் ஏறிடுவ. தினம் அந்த அம்மாங்க மூஞ்சில யாரு முழிக்கறது? நானா, நீயா?"

தூரத்திலிருந்து தவறு செய்வதும் சுலபமாக இருந்தது. மன்னிப்புக் கேட்பதும் எனக்குத்தான் சுலபம். இரண்டுக்கும் செல்விதான் அங்கே இருந்து பதில் சொல்ல வேண்டும்.

அதனால் முதலில் சைதாப்பேட்டைக்குப் போனேன். ரஃபீக் பாயிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாசலில் வேன் தூசி படிந்து நின்றது. அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வா சார், வா சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். ஸ்டேஷனுக்கு நான் துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வந்தா நல்லாருக்கும் சார். வெளிநாட்டுலேர்ந்து வந்தவரு சொன்னா கொஞ்சம் காது குடுப்பாங்க. நான் நடந்து நடந்து காலு தேஞ்சதுதான் மிச்சம்."

அதற்கு மேல் என் வாயிலிருந்து உண்மை வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு அவரோடு கிளம்பினேன்.

இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இவர் மேல கேஸ் இருக்கா? இல்ல. விசாரணை நடக்குதா? அதுவும் இல்ல. இல்லாத கேஸுல இருந்து இவரை விடுவிச்சு நான் என்னன்னு சார் லெட்டர் குடுக்கறது?"

"ஸ்கூல்ல கேக்கறாங்க சார்," என்றார் ரஃபீக் பாய். "தப்பு பண்ணவன்கூட ஜாமீன் பேப்பர் காட்டுவான். என்கிட்ட காட்ட ஒண்ணுமே இல்லயே."

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். "அந்த மெசேஜை முதல்ல யார் போட்டதுன்னு தெரியுமா?"

"பசங்க வீட்டு ஆளுங்கோ யாரோதான் சார். யார்னு தெர்ல."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான் சார் போட்டேன்" என்று சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ரஃபீக் பாய் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மெல்பர்ன்ல."

"அங்க இருந்து உங்களுக்கு என்ன சார் தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல."

அவர் கத்தவில்லை. "பயமா இருந்தா எங்களுக்கு ஒரு போன் போடுங்க. தாராளமா போடுங்க. நாங்க போய்ப் பாப்போம், அது எங்க வேலை. தப்பா இருந்தா எங்களோட முடிஞ்சிடும். குரூப்ல போட்டா முடியாது சார்." பிறகு ரஃபீக் பாயிடம், "இவர் மேல கம்ப்ளெயின்ட் குடுக்கறீங்களா? குடுத்தா எடுத்துக்கறேன்" என்றார்.

என் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், வேலை, யாழினி எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடின. ரஃபீக் பாய் மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம் சார். கம்ப்ளெயின்ட் குடுத்தா கோர்ட்டு, பேப்பரு, மறுபடியும் என் பேருதான் அடிபடும். போதும் சார்."

அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. இந்தக் குறிப்பில் எழுத எனக்கு மிகக் கஷ்டமாக இருக்கும் வாக்கியம் இதுதான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வெளியே வந்ததும் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பஸ் ஸ்டாப் வந்ததும் நின்றார்.

"வூட்டுக்கு வந்து டீ குடிச்சியே சார். அப்பவே சொல்லியிருக்கலாமே."

7

பெற்றோர் கூட்டத்துக்குச் செல்வியும் வந்தாள். "நான் அழுததாலதானே நீ போட்ட. நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள். நான் பேசியபோது பக்கத்தில் நின்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு தகப்பனார் எழுந்து, "பாதுகாப்பு விஷயத்துல தப்பா இருந்தாலும் சொல்லிடறது நல்லதுதானே? ஒரு நாள் நிஜமாவே வெடிச்சா?" என்று கேட்டார். பல தலைகள் ஆடின. நியாயமான கேள்விதான். நம் நாட்டில் குண்டுகள் வெடிக்காமல் இல்லை. நான் தடுமாறித்தான் பதில் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லலாம், பார்த்ததை மட்டும் சொல்லலாம், நான் பார்க்காததைச் சொன்னேன், சொல்லக் கூடாதவர்களிடம் எல்லாம் சொன்னேன் என்றேன். மிரட்டல் அனுப்பினவன் யார் என்று இன்று வரை தெரியவில்லை. அவன் எழுதியது பள்ளிக்கு மட்டும். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

ஓர் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நாங்களும் ஃபார்வர்ட் பண்ணோம்" என்றார். முதல்வர் கடிதம் வேண்டாம், வேன் உள்ளே வரலாம் என்றார். சில பிள்ளைகள் வேனுக்குத் திரும்பினார்கள். எல்லோரும் இல்லை.

நான் கிளம்பும் நாள் காலையில் வேன் எங்கள் கட்டடத்து வாசலுக்கு வந்தது. மேல் வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொள்ள. செல்வி நிகிலுக்குச் சீருடை போட்டு, பையை மாட்டி, கீழே அழைத்து வந்திருந்தாள். நானும் கூட நின்றேன். ரஃபீக் பாய் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்தார்.

"பாய், நிகிலும் இன்னையிலேர்ந்து வரலாமா?" என்று கேட்டாள் செல்வி.

வேனுக்குள் இடம் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"உங்க மேல கோவம் இல்ல மேடம். சிக்னல்ல மாட்டி வண்டி கொஞ்சம் லேட்டாச்சுன்னு வைங்கோ. இந்த வூட்ல இன்னா நெனைச்சுக்கினு இருப்பாங்களோன்னு நெனைச்சுக்கினே நான் ஓட்டணும். அது என்னால முடியாது. பசங்க உள்ள கீறாங்க, ரோட்டைப் பாத்து ஓட்டணும்."

"சரிங்க பாய்," என்றாள் செல்வி.

அவர் நிகிலின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு ஏறிக்கொண்டார். வேன் திரும்பி மறைந்தது. நாங்கள் மூவரும் ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தோம். நிகில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பாய் அங்கிளுக்கு நம்மளப் பாத்தா பயமா, மாமா?"

ஆமாம் என்று சொல்ல, மெயின் ரோடு வரும் வரை எனக்கு நேரம் பிடித்தது.